மறுகா

குருக்கள்மடத்துப் பாதையில் ஏறியபோது
பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன்
தராசைப் பார்த்துக் கேட்டான்:
நகையா நிறுக்கிற?
சோறு, என்றேன்.
சிரித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றான்.

பையில் ஒரு படத்தொகுப்பு.
ஒரே பீங்கான், ஒரே மேசை விரிப்பு,
சோறு மட்டும் அ-விலிருந்து ஊ-வரை
பக்கத்துக்குப் பக்கம் உயர்ந்துகொண்டு போகும்.
அளவுக் கோப்பை, மூன்று கரண்டி, நூறு படிவம்.
அம்பிளாந்துறையில் எனக்கு இருபத்திரண்டு வீடு.

கேள்வி ஒன்றுதான்:
நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை
வாயில் போட்டது என்ன?
தலையாட்டக் கூடாது, புருவம் உயரக் கூடாது,
மீனா இறைச்சியா என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது,
யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது,
'வேறு?' என்று மட்டும் கேட்கலாம் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
அதற்கு இந்தக் கரையில் சொந்தமாய் ஒரு சொல் இருக்கிறது.

பதினான்காம் வீடு. குகநேசி.
விடிய பிளேன்டீ.
சீனி எத்தனை கரண்டி?
போடல்ல, கையில வச்சி நக்கின.
மறுகா?
பாண் ரெண்டு துண்டு, சம்பல்.
மறுகா?
மகன் வச்ச மிச்சம்.
எவ்வளவு மிச்சம்?
படங்களைப் புரட்டினோம், இரண்டு தரம்.
மிச்சத்துக்குப் படம் இல்லை.
உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள்.
அதற்குள் தண்ணீர் வார்த்து
கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன்:
அறுபது மில்லிலீற்றர்.
அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
இதுக்குமாகா ஒரு அளவு, என்றாள்.

செவ்வாய்க்கிழமை அதே வீட்டில் நிறுவை நாள்.
மணலை ஒன்று, முழுசாய் முந்நூற்று நாற்பது கிராம்.
செதிலும் குடலும் போக இருநூற்று எழுபத்தெட்டு.
முதற்பால் தனியே, கடைப்பால் தனியே,
உப்பைக்கூட அவள்
கடைக்காரனிடம் கொடுப்பதுபோல
தராசில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.
தின்று முடிந்த முள்ளையும் நிறுத்தேன்.
பொடியன் கேட்டான்:
அம்மா, இண்டைக்கு என்ன விசேஷம்?
பேசாமத் தின், என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.
அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

புதன்கிழமை பதினைந்தாம் வீடு.
இடையில் ஒரு கதியால் வேலிதான்.
புஸ்பகாந்தியின் புருஷன் ஆற்றில் வலை போடுகிறவன்,
முற்றமெங்கும் வலை காய்ந்தது.
நேற்று?
ரொட்டி. மத்தியானம் சோறு, பருப்பு, பொன்னாங்காணி.
மறுகா?
ராவைக்கும் அதுதான்.
மறுகா?
நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வலையைப் பார்த்தேன்,
அவ்வளவுதான். அதுவும் பிழைதான்.

அவள் சிரித்தாள்.
இவர் கொண்டுவந்தது ஒண்டே ஒண்டு புள்ள.
அங்கால குடுத்திட்டன்.
நிறுக்க வாறாங்க எண்டு விடிய வந்து நிண்டவள்,
வெறுஞ்சட்டிய என்னண்டு காட்டுற?
பிறகு குரலைத் தாழ்த்தி:
எவ்வளவு இருந்திச்சு, கிராமில?

முந்நூற்று நாற்பது என் நாக்கின் நுனிவரை வந்தது.
ஒரு வீட்டின் கணக்கை
மற்ற வீட்டுக்குச் சொல்லக் கூடாது.
தெரியாது, என்றேன்.
நல்ல பெரிசு, என்றாள் அவளே.

திரும்பும்போது பாதை நிரம்பவில்லை,
ஆட்களுக்காகக் காத்து நின்றது.
அலுவலகத்திலிருந்து அழைப்பு:
பதினான்காம் வீட்டில் புரதம் கூடிப்போயிருக்கு,
தராசு சரிதானா?
தராசு சரி.
மீன் எங்கிருந்து வந்தது? அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கு.
ஒன்று, வாங்கியது. இரண்டு, பிடித்தது.
மூன்று, நிவாரணம். நான்கு, வேறு.
கொடுத்து வாங்கியது, என்றேன்,
இல்லை, கேட்டு வாங்கியது,
இல்லை,
நிறுவைக்காக.
கணினிக்குச் சொல் விளங்காது தம்பி,
எண் சொல்லு.

முழங்காலில் படிவத்தை விரித்து
பேனை மூடியைப் பல்லால் கழற்றி
எழுதியதை அப்படியே வாசித்தேன்:
பதினைந்து.